நாய் மியாவ்னு கத்துமா? சோவியத் சிரிப்புப் புத்தகங்களின் கதை

போன மாசம் அக்கா பொண்ணுக்குப் பிறந்தநாள். இந்த ஜூன்ல ஒன்னாம் கிளாஸ் போறா. புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்னு கடைக்குப் போனேன். ஒரு படப்புத்தகம் கையில கிடைச்சுது. பக்கத்துக்குப் பக்கம் கிறுக்குத்தனம். நின்ன இடத்துலயே நாலு தடவை சிரிச்சேன். ஆனா பில் போடப் போறதுக்கு முன்னாடி நான் என்ன பண்ணேன் தெரியுமா? கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "சரி, இதுல இவ என்ன கத்துக்குவா?"ன்னு தேடினேன். நீதி எதுவும் இல்லை. புத்தகத்தைத் திரும்ப வைக்கப் போயிட்டேன்.

இந்தக் கேள்வி நமக்குச் சாதாரணமா தோணும். பெரியவங்க எல்லாரும் கேட்கிறதுதானே? ஆனா சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாட்டோட அரசாங்கமே இதே கேள்வியைக் கேட்டுச்சு. பதில் பிடிக்காததால சில எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் ஜெயிலுக்கு அனுப்புச்சு. சிலர் உயிரோட திரும்பலை. இன்னிக்கு எபிசோட் அதைப் பத்தித்தான். 1920, 30களின் சோவியத் ரஷ்யா, சின்னப் பிள்ளைகளுக்கான வேடிக்கைப் படப்புத்தகங்கள்.

சோவியத் குழந்தைப் புத்தகம்னா நம்ம ஊர்ல பலருக்கு ஒரு ஞாபகம் இருக்கும். அப்பா அம்மா காலத்துல நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சிகள்ல மாஸ்கோவுல அச்சடிச்ச தமிழ்ப் புத்தகங்கள் ரொம்பக் குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும். நல்ல தாள், அழகான படம். எங்க வீட்டு பீரோவிலயும் அட்டை கிழிஞ்ச ஒன்னு இருக்கு. ஆனா அதெல்லாம் பிற்காலத்துப் புத்தகங்கள். அந்தப் பாரம்பரியம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு பார்த்தா, ஒரு ரயில் பயணத்துக்குப் போகணும்.

கோர்னேய் சுக்கோவ்ஸ்கி. 1882இல் பிறந்தவர், அந்தக் காலத்துல பெயர் பெற்ற இலக்கிய விமர்சகர். அவரே சொன்ன கதை இது: ரயில்ல போயிட்டு இருக்கார், கூட இருக்கிற சின்ன மகனுக்கு உடம்பு சரியில்லை, அழுகை நிக்கலை. அவனைத் திசை திருப்ப, ரயில் ஓடுற தாளத்துக்கே வாய்க்கு வந்ததைப் பாட்டா சொல்ல ஆரம்பிக்கிறார். ஒரு முதலை பெட்ரோகிராத் தெருவுல நடந்து போகுது. சிகரெட் பிடிக்குது. துருக்கி மொழி பேசுது. மக்கள் கிண்டல் பண்றாங்க, அது ஒரு போலீஸ்காரரை முழுங்கிடுது. கடைசியில பொம்மை வாள் வெச்சிருக்கிற ஒரு பொடியன் வந்து முதலையை அடக்குறான்.

'முதலை'ங்கிற இந்தக் கதை 1917இல், அதாவது புரட்சி நடந்த அதே வருஷம், ஒரு குழந்தைகள் பத்திரிகையில தொடரா வந்தது. ரெ-மி என்ற பேர்ல கார்ட்டூன் போட்டுக்கிட்டு இருந்த ஓவியர்தான் படம் வரைஞ்சார். அதுவரைக்கும் ரஷ்யாவுல குழந்தைகளுக்கான பாட்டுன்னா பெரும்பாலும் பனி, பூ, நல்ல பிள்ளைங்கிற மாதிரி சமாச்சாரம்தான். திடீர்னு தெருவுல சிகரெட் பிடிக்கிற முதலை வந்தா எப்படி இருக்கும்? பிள்ளைங்க மனப்பாடம் பண்ணிட்டாங்க.

அடுத்து 1923இல் ரெண்டு புத்தகம் வந்தது. ஒன்னு 'மொய்தொதிர்'. குளிக்காத ஒரு பையனை விட்டு அவன் போர்வை, தலையணை எல்லாம் ஓடிப்போகுது. முகம் கழுவுற மேடை உயிரோட எழுந்து வந்து அவனை அதட்டுது. இன்னொன்னு 'கரப்பான் ராட்சசன்'. மீசை வெச்ச ஒரு கரப்பான்பூச்சியைப் பார்த்து யானை, காளை எல்லாம் நடுங்குது. கடைசியில ஒரு குருவி வந்து லபக்குன்னு முழுங்கிட்டுப் போயிடுது, அவ்வளவுதான் கதை. பின்னாடி வந்தவங்க அந்த மீசையை ஸ்டாலின் மீசையாப் படிச்சாங்க. ஆனா சுக்கோவ்ஸ்கி எழுதினப்போ ஸ்டாலின் இன்னும் சர்வாதிகாரி ஆகலை. ஊர் முழுக்க ஒரு பூச்சிக்குப் பயப்படுறதுதான் அங்க ஜோக். அந்த ஜோக் பின்னாடி நிஜமாயிடுச்சு.

அதே சமயத்துல அந்த நகரத்துலயே இன்னொரு டீம் உருவாகுது. பெட்ரோகிராத்தின் பேர் 1924இல் லெனின்கிராத்னு மாறுச்சு, அதனால இனிமே லெனின்கிராத்னே சொல்றேன். அரசுப் பதிப்பகத்தின் குழந்தைகள் பிரிவு, நெவ்ஸ்கி சாலையில, ஒரு காலத்துல சிங்கர் தையல் மெஷின் கம்பெனிக்குச் சொந்தமா இருந்த கட்டடத்துல இயங்குச்சு. எழுத்துக்குப் பொறுப்பு சாமுவில் மர்ஷாக். ஓவியத்துக்குப் பொறுப்பு விளாதிமிர் லெபெதெவ். மர்ஷாக் புரட்சிக்கு முன்னாடி கொஞ்ச காலம் இங்கிலாந்துல படிச்சவர். அங்கத்த அர்த்தமில்லாத குழந்தைப் பாட்டுகள்ல மயங்கி, அதையெல்லாம் ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்தவர்.

இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட புத்தகங்களைப் பார்த்தா இன்னிக்கும் புதுசா இருக்கும். 1925இல் வந்த 'ஐஸ்க்ரீம்'ல ஒரு குண்டு மனுஷன் அடங்காம ஐஸ்க்ரீம் தின்னு தின்னு, தானே பனிப்பொம்மையா உறைஞ்சு போறார். 1926இல் வந்த 'லக்கேஜ்'ல ஒரு அம்மா ரயில்ல சாமான்களோட ஒரு குட்டி நாயையும் புக் பண்றாங்க. வழியில நாய் ஓடிப்போயிடுது. ரயில்வேக்காரங்க கணக்குச் சரியா இருக்கணும்னு ஒரு பெரிய நாயைப் பிடிச்சு வெச்சிடுறாங்க. அந்தம்மா கத்தினா, "பயணத்துல வளர்ந்திருக்கும்மா"ன்னு பதில் வருது. எண்ணிக்கை டேலி ஆயிடுச்சு, டிக்கெட்டை க்ளோஸ் பண்ணு! ஐடியில இருக்கிறவங்களுக்கு இந்த ஜோக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

லெபெதெவ் பாணியில பின்னணி எல்லாம் கிடையாது. வெள்ளைத் தாள், அதுல தட்டையான ரெண்டு மூணு நிறம், உருவங்கள் வடிவியல் கட்டம் மாதிரி. ஓவியர்களை நேரா அச்சகத்துக்கே போயி, அச்சுக்கல்லுல தங்கள் கையாலேயே வரையச் சொன்னார். பத்துப் பன்னிரண்டு பக்கம், மெல்லிசான அட்டை. பெரிய ஓவியர்களோட வேலை சாதாரணக் குழந்தை கைக்கு மலிவா வந்து சேர்ந்தது.

இப்போ கதையோட முக்கியமான ஆள். தனியீல் ஹார்ம்ஸ், 1905இல் பிறந்தவர். கட்டம் போட்ட கோட்டு, வாயில பைப்பு, வேணும்னே விசித்திரமா உடுத்திக்கிட்டு ஊர்ல சுத்துவார். அவரும் நண்பர் அலெக்சாந்தர் விவெதென்ஸ்கியும் பெரியவங்களுக்கு எழுதினது முழுக்க முழுக்க அபத்த இலக்கியம். அதைப் போட ஆளே இல்லை. ஹார்ம்ஸ் உயிரோட இருந்தவரைக்கும் அவர் பெரியவங்களுக்கு எழுதினதுல அச்சானது ரெண்டே ரெண்டு கவிதை. இந்த ஆளுங்க பிள்ளைங்களுக்கு எழுதினா நல்லா இருக்கும்னு மர்ஷாக் குழுவுக்குத் தோணுச்சு. வீட்டு வாடகையும் சாப்பாடும் அதுலதான் ஓடுச்சு.

அவங்க எழுதின பத்திரிகை ரெண்டு. பெரிய பிள்ளைகளுக்கு 'யோஷ்'. ரஷ்ய மொழியில 'மாதப் பத்திரிகை'ங்கிறதோட சுருக்கெழுத்து, அதுவே முள்ளெலிங்கிற அர்த்தமும் தரும். குட்டிப் பிள்ளைகளுக்கு 'சீஷ்'. அது 'மிகமிகச் சுவாரசியமான பத்திரிகை'ங்கிறதோட சுருக்கம், ஒரு சின்னப் பறவையோட பேரும்கூட. ரெண்டையும் நடத்தினதுல முக்கியமானவர் நிக்கலாய் ஒலேய்னிகவ். ஹார்ம்ஸ் தனக்குக் குழந்தைகளையே பிடிக்காதுன்னு சொல்லிட்டுத் திரிவார். ஆனா அவர் மேடை ஏறினா பிள்ளைங்க விடமாட்டாங்க.

ஹார்ம்ஸோட ஒரு புத்தகம் 1929இல் வந்தது, பேரு 'முதலாவது, இரண்டாவது'. கதை முழுக்க நம்பர் போட்ட லிஸ்ட் மாதிரி போகும். ஊர் சுத்தக் கிளம்பினவங்களோட ரொம்பக் குட்டையான ஒருத்தனும், ரொம்ப நெட்டையான ஒருத்தனும் சேர்ந்துக்கிறாங்க. இவங்க எல்லாரையும் வெச்சுக்கிட்டு எப்படிப் பயணம் பண்றது? ஒவ்வொரு அடியிலயும் புதுப் பிரச்சினை, ஒவ்வொன்னுக்கும் ஒரு கோணல் தீர்வு. எட்ஜ் கேஸ் மட்டுமே வெச்சு எழுதின ப்ரோக்ராம் மாதிரி. இதுக்குப் படம் போட்டவர் யார் தெரியுமா? தாத்லின். கட்டவே படாத, ஆனா உலகப் புகழ் பெற்ற சுழல் கோபுரத்தை வடிவமைச்ச அதே தாத்லின்.

இவ்வளவு நல்லா போயிட்டு இருந்த விஷயம் எங்க உடைஞ்சுது?

1928 பிப்ரவரி 1. கட்சிப் பத்திரிகையான 'பிராவ்தா'வுல சுக்கோவ்ஸ்கியின் 'முதலை'யைப் பத்தி ஒரு கட்டுரை வருது. எழுதினவர் நதேழ்தா குரூப்ஸ்கயா. லெனினோட மனைவி, நாட்டோட கல்வித் துறையில பெரிய பொறுப்புல இருந்தவர். அவர் வாதத்தின் சாரம் இதுதான்: முதலை எப்படி வாழுதுன்னு பிள்ளைங்க தெரிஞ்சுக்கணும். அதை விட்டுட்டு அர்த்தமில்லாத குப்பையைக் கொடுக்கிறது எதுக்கு? இந்தப் புத்தகத்தைக் குழந்தைங்க கையில கொடுக்கக் கூடாது.

குரூப்ஸ்கயாவை வில்லியாக்கிட்டுப் போறது சுலபம். ஆனா அந்தக் காலத்து ஆசிரியர்கள்ல பலர் இதை உண்மையிலேயே நம்பினாங்க. எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்கள். புதுசா ஒரு நாட்டைக் கட்டணும். பேசுற மிருகம், நடக்கிற வாஷ்பேசின் எல்லாம் பிள்ளை மனசைக் குழப்பும், உலகம் எப்படி இயங்குதுன்னு தப்பா சொல்லித்தரும். டிராக்டர் எப்படி ஓடுது, ரொட்டி எங்கிருந்து வருதுன்னு சொல்லலாமே. கேட்கும்போது நியாயமாத்தானே இருக்கு? கடையில நான் கேட்டதும் கிட்டத்தட்ட அதேதான்.

மாக்சிம் கார்க்கி இத்தாலியிலிருந்து சுக்கோவ்ஸ்கிக்கு ஆதரவா ஒரு கடிதம் எழுதினார், அதுவும் 'பிராவ்தா'விலயே வந்தது. கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது. ஆனா 1929இல் கிரெம்ளின் மழலையர் பள்ளியின் பெற்றோர் கூட்டம் கூடி, 'சுக்கோவ்ஸ்கித்தனத்தை' எதிர்த்துப் போராடணும்னு தீர்மானம் போட்டுச்சு. கிரெம்ளின்ல வேலை பார்க்கிறவங்களோட பிள்ளைங்க படிக்கிற பள்ளி அது. அந்தப் பெற்றோர் எப்படிப்பட்டவங்கன்னு யோசிச்சுக்கோங்க. அந்த வருஷ டிசம்பர்ல சுக்கோவ்ஸ்கி வளைஞ்சு கொடுத்தார். தன் பழைய கதைகளைக் கைவிடுறதாவும், இனிமே கூட்டுப்பண்ணையோட சந்தோஷத்தை எழுதுறதாவும் ஒரு இலக்கியப் பத்திரிகையில அறிவிச்சார். அந்தக் கூட்டுப்பண்ணைப் புத்தகம் கடைசிவரைக்கும் வரலை. அப்படி எழுதிக் கொடுத்ததுக்காக அவர் பின்னாடி ரொம்ப வருத்தப்பட்டார்.

ஆனா சுக்கோவ்ஸ்கிகிட்ட குரூப்ஸ்கயாவின் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்னு இருந்தது. அதை அவர் வேற ஒரு புத்தகத்துல எழுதினார். 1928இல் வேற பேர்ல வந்து, பிறகு 'இரண்டிலிருந்து ஐந்துவரை'ன்னு புகழ்பெற்ற புத்தகம். குழந்தைங்க பேச்சைப் பல வருஷமா நோட்டுல குறிச்சு வெச்சதிலிருந்து வந்தது.

அதுல அவரோட மகள் முராவைப் பத்தி ஒரு சம்பவம் வரும். ரெண்டு வயசு முடியப்போற நேரம். நாய் எப்படிக் குரைக்கும், பூனை எப்படிக் கத்தும்னு அப்போதான் கத்துக்கிட்டு இருக்கா. ஒரு நாள் அப்பாகிட்ட ஓடிவந்து, நாய் மியாவ்னு கத்துதுன்னு சொல்லிட்டு, அவர் முகத்தையே பார்க்குறா. அப்புறம் ஒரே சிரிப்பு. தெரியாம சொல்லலை. தெரிஞ்சே மாத்திச் சொல்றா. அப்பாவும் சேர்ந்துகிட்டு, சேவல் என்ன சொல்லும், மாடு என்ன சொல்லும்னு எல்லாத்தையும் தலைகீழாக்குறார். பிள்ளை ஆனந்தத்துல குதிக்கிறா.

சுக்கோவ்ஸ்கி சொல்றது இதுதான். நாய் குரைக்கும்ங்கிறது உறுதியாத் தெரிஞ்சாதான் 'நாய் மியாவ்' உனக்குச் சிரிப்பா இருக்கும். தெரியாத பிள்ளைக்கு அது வெறும் தகவல். அந்தச் சிரிப்பே பிள்ளைக்கு நிஜம் எதுன்னு தெரியும்ங்கிறதுக்கு ஆதாரம். கோணல் கதை குழந்தையைக் குழப்பலை, தனக்குத் தெரிஞ்சதைத் தானே சோதிச்சுப் பார்க்க வைக்குது. நாங்க கோடுக்கு டெஸ்ட் எழுதும்போது வேணும்னே தப்பான இன்புட் கொடுத்துப் பார்ப்போம், சிஸ்டம் அதைப் பிடிக்குதான்னு. முரா பண்ணது அதேதான்.

அந்த முரா எலும்புக் காசநோயால 1931 நவம்பர்ல, 11 வயசுல இறந்துபோனா.

அடுத்த மாசம், டிசம்பர் 1931. ரகசியப் போலீஸ் ஹார்ம்ஸையும் விவெதென்ஸ்கியையும் இன்னும் சிலரையும் கைது பண்ணுது. குழந்தை இலக்கியத்துல செயல்படுற சோவியத் எதிர்ப்புக் கும்பல்னு வழக்கு. விசாரணைப் பதிவுகள்ல குழந்தைப் பாட்டெல்லாம் ஆதாரமா வருது. ஹார்ம்ஸ் எழுதின 'மில்லியன்'னு ஒரு எண்ணிக்கைப் பாட்டு. அணிவகுத்துப் போற பிள்ளைகளை எண்ண ஆரம்பிச்சு மில்லியன்ல போய் நிக்கும். பயனியர் இயக்கத்தைப் பத்தின பாட்டை வேணும்னே வெறும் எண்ணும் விளையாட்டாக்கினேன், அது சோவியத் எதிர்ப்புன்னு அவரோட வாக்குமூலத்துல இருக்கு. அடைச்சு வெச்சு வாங்கின வாக்குமூலம் எவ்வளவு பெறும்னு உங்களுக்கே தெரியும். தண்டனை கூர்ஸ்க் நகரத்துக்கு நாடுகடத்தல்னு முடிஞ்சுது. 1932 முடியறதுக்குள்ள லெனின்கிராத் திரும்பிட்டார்.

அப்போ அது தப்பிச்ச மாதிரி தோணியிருக்கும். 1936 மார்ச் 1 அன்னிக்கு 'பிராவ்தா', லெபெதெவ் படங்களைக் கிறுக்கல்னு தாக்குச்சு. 1937இல் 'சீஷ்' பத்திரிகையில ஹார்ம்ஸோட ஒரு பாட்டு வந்தது. ஒரு ஆள் தடியும் மூட்டையுமா வீட்டை விட்டுக் கிளம்பி, இருண்ட காட்டுக்குள்ள போயி, காணாமப் போயிடுறான். தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா ராத்திரியோட ராத்திரியா காணாமப் போயிட்டு இருந்த வருஷத்துல அப்படி ஒரு பாட்டு! கிட்டத்தட்ட ஒரு வருஷம் அவரோட எழுத்தை எங்கயும் போடலை. வீட்டுல பட்டினி.

அதே வருஷம் மர்ஷாக்கின் பிரிவே சிதைஞ்சுது. அங்க இருந்த எடிட்டர்கள் சிலர் கைதானாங்க. ஒலேய்னிகவை நவம்பர்ல சுட்டுக் கொன்னாங்க. விவெதென்ஸ்கி, ஹார்ம்ஸ் புத்தகங்களுக்கு அழகான வண்ணப் படங்கள் வரைஞ்ச வேரா யெர்மலாயெவா கால் ஊனத்தால ஊன்றுகோலோட நடந்தவங்க. அவங்களை 1934 கடைசியிலேயே பிடிச்சு கஜகஸ்தான் முகாமுக்கு அனுப்பியிருந்தாங்க. 1937 செப்டம்பர்ல அவங்களையும் சுட்டாங்க. மர்ஷாக் மாஸ்கோவுக்குப் போயி தப்பிச்சார்.

1941 ஆகஸ்ட்ல, ஜெர்மன் படை நெருங்கிட்டு இருக்கும்போது, ஹார்ம்ஸை ரெண்டாவது தடவை கைது பண்ணாங்க. இந்தத் தடவை குழந்தைப் பாட்டு காரணமில்லை, தோல்வி மனப்பான்மையோட பேசினார்னு குற்றச்சாட்டு. பைத்தியம்னு சிறை மனநலப் பிரிவுல வெச்சாங்க. முற்றுகையில ஊரே சோறில்லாம செத்துக்கிட்டு இருந்தப்போ, 1942 பிப்ரவரி 2, அங்கேயே பசியால இறந்தார். விவெதென்ஸ்கி அதுக்குச் சுமார் ஒன்றரை மாசம் முன்னாடி கைதிகளை ஏத்திக்கிட்டுப் போன ரயில்ல இறந்திருந்தார். ஹார்ம்ஸோட மனைவியும் யாகவ் த்ருஸ்கின்ங்கிற நண்பரும் குண்டு விழுந்த கட்டடத்துல இருந்து அவர் கையெழுத்துப் பிரதிகளை ஒரு சூட்கேஸ்ல அள்ளிக்கிட்டு வந்தாங்க. த்ருஸ்கின் அதைப் பல வருஷம் பத்திரமா வெச்சிருந்தார். பெரியவங்களுக்காக அவர் எழுதினது சோவியத் மண்ணுல பரவலா அச்சாக 1980களின் கடைசி ஆயிடுச்சு.

குழந்தைப் புத்தகங்கள் அதுக்கு முன்னாடியே திரும்பி வந்துடுச்சு. 1962இல் ஹார்ம்ஸோட குழந்தைப் பாட்டுகள் மறுபடி அச்சாச்சு. சுக்கோவ்ஸ்கி 1969 வரைக்கும் வாழ்ந்தார், அவரோட முதலையும் கரப்பானும் இன்னிக்கும் ரஷ்யக் குழந்தைகளுக்கு மனப்பாடம். கூட்டுப்பண்ணையின் சந்தோஷத்தைச் சொன்ன எத்தனையோ பாட்டுகள் அந்தக் காலத்துல வந்திருக்கு. அதையெல்லாம் இன்னிக்கு யாரும் பிள்ளைக்குச் சொல்றதில்லை.

ஒரு அரசாங்கத்துக்கு முதலைக் கதையில என்ன பயம்? எனக்குத் தோணுறதைச் சொல்றேன். 'நாய் மியாவ்'னு சொல்லிச் சிரிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு, யாராவது உண்மையாவே முகத்தைச் சீரியஸா வெச்சுக்கிட்டு 'நாய் மியாவ்'னு சொன்னாலும் சிரிப்பு வரும். அறுவடை அமோகம்னு பத்திரிகை சொல்லும்போது தட்டு காலியா இருந்தா, அது கண்டுபிடிச்சுடும். குரூப்ஸ்கயா இவ்வளவு யோசிச்சு எழுதினார்னு நான் சொல்லலை. அவர் குழந்தைங்க நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் எழுதியிருப்பார். ஆனா "இதுல என்ன பிரயோஜனம்?"ங்கிற கேள்வி அதிகாரம் இருக்கிறவங்க கைக்குப் போனா எங்க போய் நிக்கும்னு நாம பார்த்துட்டோம்.

கடையில திரும்ப வைக்கப் போன புத்தகத்தை வாங்கிட்டேன். வீட்டுக்குப் போயி படிச்சுக் காட்டினேன். மூணாவது பக்கத்துல, "மாமா, இது தப்பு! இப்படியெல்லாம் நடக்காது!"ன்னு கத்தினா. அடுத்த நிமிஷம் விழுந்து விழுந்து சிரிச்சா. கடைசிப் பக்கம் வந்ததும் நீதி என்னன்னு கேட்கலை, மறுபடி முதல்ல இருந்து படின்னா. நாலு தடவை படிச்சேன்.

உங்க வீட்டுல பழைய சோவியத் படப்புத்தகம் ஏதாவது இருந்தா எடுத்துப் பாருங்க, படம் வரைஞ்சவர் பேரையும் சேர்த்துப் படிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.